முதல் நாள் கணக்கு

அமெரிக்கக் கால்பந்தில் நியூ இங்கிலாந்து அணிக்கு 20 ஆண்டுகளில் ஆறு சூப்பர் பௌல் பட்டங்களை வென்று தந்தவர் டாம் பிராடி. 2020 மார்ச்சில், 42 வயதில், அணியை விட்டு விலகினார். 12 சீசன்களாக பிளே ஆஃப் சுற்றையே எட்டாத டாம்பா பே அவரை இரண்டாண்டு ஒப்பந்தத்தில் வளைத்துப் போட்டது. பழைய அணியோ 31 வயது கேம் நியூட்டனை மலிவாகப் பிடித்தது.

செப்டம்பர் 13. இரு அணிகளுக்கும் முதல் ஆட்டம். நியூட்டன் அணி 21-11 என வென்றது. பிராடி அணி 23-34 எனத் தோற்றது. இளமைதான் லாபம் என்று தோன்றியிருந்தால் வியப்பில்லை.

2021 பிப்ரவரியில் கோப்பை பிராடி கையில். பழைய அணி 7 வெற்றி, 9 தோல்வியுடன் எப்போதோ மூட்டை கட்டியிருந்தது. ஆள் எடுத்த கணக்கை முதல் நாள் ஸ்கோரை வைத்து முடிக்க முடியாது. பிறந்த தேதியை வைத்தும் முடியாது.