கடைசி நாள் எது, அம்மாவுக்குத் தெரியுமா?



மகளுக்கோ மருமகளுக்கோ பிரசவம் என்று அமெரிக்காவுக்குப் பெட்டி கட்டும் பெற்றோர் இன்று நம் தெருவுக்கு இரண்டு பேராவது இருக்கிறார்கள். பிரசவ மருந்து, பருப்புப்பொடி, பேத்திக்குக் கொலுசு என்று எடை பார்த்துப் பார்த்து அடுக்குகிறோம். பாஸ்போர்ட்டை மட்டும் கிளம்பும் வாரத்தில்தான் பிரித்துப் பார்க்கிறோம். அதைப் பற்றித்தான் இந்த மாதம் உங்களோடு பேச நினைக்கிறேன்.

பார்வையாளர்களுக்கான பி1/பி2 விசா நம்மவர்களுக்குப் பெரும்பாலும் 10 ஆண்டுகளுக்குக் கிடைக்கிறது. அதைப் பார்த்ததும் இனி கவலையில்லை என்று தோன்றும். ஆனால் விசா இருந்தால் அந்த நாட்டு வாசலில் போய் நின்று உள்ளே வர அனுமதி கேட்கலாம், அவ்வளவுதான். எத்தனை நாள் தங்கலாம் என்பதை, இறங்கும் விமான நிலையத்தில் இமிக்ரேஷன் அதிகாரி முடிவு செய்கிறார். வழக்கமாக ஆறு மாதம் கொடுப்பார்கள். அந்தக் கடைசி நாள் ‘ஐ-94’ என்ற பதிவில் இருக்கும். ஒரு காலத்தில் அது பாஸ்போர்ட்டோடு சேர்த்துத் தரும் தாளாக இருந்தது. விமானத்தில் வருகிறவர்களுக்கு 2013-இல் கணினிப் பதிவாக மாறியது. கையில் தாள் இல்லாததால் பல வீடுகளில் அந்தத் தேதியை யாரும் தேடுவதே இல்லை. அமெரிக்கச் சுங்க, எல்லைப் பாதுகாப்புத் துறையின் இணையதளத்தில் அதை இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். போய்ச் சேர்ந்த முதல் வாரமே எடுத்து, பெயரும் தேதியும் சரியா என்று பாருங்கள்.

பெயரைச் சொல்லக் காரணம் உண்டு. நம்மில் மூத்தவர்கள் பலருக்குப் பாஸ்போர்ட்டில் ஒரே பெயர்தான். அமெரிக்க விசாவில் அந்த ஒரு பெயர் குடும்பப் பெயராகப் போய் உட்கார, முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘எஃப்என்யூ’ என்று மூன்று எழுத்து விழும். முதல் பெயர் தெரியாது என்று பொருள். டிக்கெட்டிலும் ஐ-94 தேடும்போதும் விசாவில் உள்ளபடியே பெயரைக் கொடுத்தால் அலைச்சல் இருக்காது.

அடுத்து பாஸ்போர்ட். சிங்கப்பூர், மலேசியா, துபாய் எதுவானாலும் போய்ச் சேரும் நாளில் அதற்கு ஆறு மாத ஆயுளாவது இருக்க வேண்டும். இந்தியர்களுக்கு இந்த நிபந்தனையை அமெரிக்கா தளர்த்தியிருக்கிறது. அதை நம்பிக் கிளம்புவதில் ஒரு சிக்கல்: பாஸ்போர்ட் முடியும் நாளோடு தங்கும் அனுமதியையும் அதிகாரி நிறுத்திவிடலாம். எச்-1பி விசாவில் வேலை பார்க்கும் பிள்ளைகளுக்கும் இது நடக்கிறது. கம்பெனி வாங்கிய ஒப்புதல் மூன்று ஆண்டுகளுக்கு இருக்கும். ஐ-94 மட்டும் பாஸ்போர்ட் தேதியோடு நின்றிருக்கும். அதை யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். நம் பாஸ்போர்ட்டை அது முடிவதற்கு ஓராண்டு முன்பே புதுப்பிக்க முடியும் என்பதால், டிக்கெட் போடும் முன் அந்த வேலையை முடித்துவிடுவதே நல்லது. பழைய பாஸ்போர்ட்டில் விசா உயிரோடு இருந்தால் அது வீணாகாது. அந்தப் பக்கத்தைக் கிழிக்காமல், பழையதையும் புதியதையும் சேர்த்தே எடுத்துச் செல்லுங்கள்.

ஆறு மாதம் போதாமல் போகலாம். குழந்தை குறைமாதத்தில் பிறந்திருக்கும், அப்பாவுக்கே அங்கே சிகிச்சை தேவைப்பட்டிருக்கும். அப்போது ‘ஐ-539’ என்ற விண்ணப்பத்தை, கடைசி நாளுக்கு 45 நாளாவது இருக்கும்போதே போட்டுவிடுவது நல்லது. ஏன் தங்க வேண்டும், செலவை யார் பார்க்கிறார்கள், எப்போது ஊர் திரும்புவீர்கள் என்பதற்குக் காகிதங்கள் வேண்டும். முடிவு வரப் பல மாதங்கள் ஆகலாம்; மறுத்துவிட்டால் உடனே கிளம்ப வேண்டியதுதான். விண்ணப்பமே போடாமல் தேதி தாண்டித் தங்கினால், ஒரு நாளானாலும் அந்த 10 ஆண்டு விசா செல்லாததாகிவிடும். 180 நாளுக்கு மேல் தங்கிவிட்டுத் திரும்பினால் மூன்று ஆண்டுகளுக்கும், ஓராண்டோ அதற்கு மேலோ ஆனால் 10 ஆண்டுகளுக்கும் மறுபடி உள்ளே நுழையத் தடை. பேரப்பிள்ளையின் முதல் 10 ஆண்டுகள் அவை.

சட்டம் இடம் தருகிறதே என்று ஒவ்வொரு முறையும் நீட்டிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. அங்கேயே குடியிருக்கப் பார்க்கிறாரோ என்ற சந்தேகம் அடுத்த முறை இறங்கும்போது அதிகாரிக்கு வரும். அப்போது பதில் சொல்ல வேண்டியவர், ஆங்கிலம் அவ்வளவாகப் பேச வராத நம் அம்மா.

அவருக்கு ஊரிலும் வேலைகள் இருக்கின்றன. மத்திய அரசு ஓய்வூதியம் வாங்குகிறவர் என்றால் நவம்பரில் வாழ்நாள் சான்றிதழ் கொடுத்தாக வேண்டும். இந்தியத் தூதரகத்தில் சான்று பெற்று அனுப்ப வழி உண்டு; ஆனால் தூதரகம் இருக்கும் நகரம் வரை யாராவது கூட்டிப்போக வேண்டியிருக்கலாம்.

“இன்னும் ரெண்டு மாசம் இரேன்மா” என்று மகன் கேட்டால் பெரும்பாலான தாய்மார்கள் தலையாட்டிவிடுவார்கள். பிள்ளைகளுக்கு என் வேண்டுகோள்: விண்ணப்பத்தில் கையெழுத்து வாங்கும் முன், எதற்காக இது, எந்தத் தேதிவரை என்று அவரிடம் தமிழில் நிதானமாகச் சொல்லுங்கள். ஊருக்குப் போக வேண்டும் என்று அவர் சொன்னால் டிக்கெட் போடுங்கள். பாஸ்போர்ட்டும் ஐ-94 பிரதியும் உங்கள் அலமாரியில் இருக்க வேண்டாம், அவருடைய கைப்பையிலேயே இருக்கட்டும்.

அன்புடன்,
ஆசிரியர்