பழையன பேணலும் ஒரு கல்வியே

சொல்லதிகாரத்தை முடிக்கும் இடத்தில் நன்னூலார், பழைய வழக்குகள் மறைதலும் புதிய வழக்குகள் தோன்றலும் காலத்தின் இயல்பாதலால் அவை குற்றமாகா என்று கூறி அமைகின்றார். தமிழ் கற்றோர் யாவரும் அறிந்த சூத்திரம் இது. ஆயினும் இக்காலத்தில் இதனை எடுத்தாள்வோரிற் பலர், பழையதை எறிந்துவிடுமாறு ஆசிரியர் ஆணையிட்டார் என்பதுபோலப் பொருள் கொள்கின்றனர். குற்றமாகா என்பது இசைவு, கட்டளையன்று. காக்கத்தக்க ஒன்றையும் வலிந்து கழித்துவிடுக என்று அச்சூத்திரத்துக்கு உரை எழுதுவார் ஒருவரும் இலர். இவ்வேறுபாட்டை மாணவர்க்குப் பலகாலம் விளக்கிவந்த எனக்கு, அதனைத் தெளிவாகக் காட்டும் எடுத்துக்காட்டொன்று நூல்களுக்குப் புறத்தே வாய்த்தது. ஓப்பநாயக்கவில் என் வீட்டுக் கொட்டிலில் நிற்கும் மொறிஸ் மைனர் கார்தான் அது.

பண்டிதனுக்குப் பழைய காரில் என்ன வேலை என நகைப்போர் உளர். பழைய கார் செல்வர்களின் பொழுதுபோக்கு என்றும், சம்பளக்காரனுக்கு அது வீண் செலவு என்றும் அவர்கள் சொல்வர். இந்நாட்டின் வரலாறு அக்கூற்றுக்கு மாறானது. அந்நியச் செலாவணி நெருக்கடியினால் 1960களில் மோட்டார் வண்டிகளின் இறக்குமதி இறுக்கப்பட்டது. 1977க்குப் பின்னரே அவ்விறுக்கம் தளர்ந்தது. மீண்டும் 2020 மார்ச்சில் இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியிலேயே வழி திறந்தது. இவ்விரு காலங்களிலும் ஆசிரியரும், தோட்டத்துக் கிளாக்கரும், தபாலதிபரும், சிறு கடைக்காரரும் கையிலிருந்த வண்டியைத் திருத்தித் திருத்தியே ஓட்டினர். இலங்கையிற் பழைய கார்கள் இத்தனை எஞ்சி நிற்பதற்குச் செல்வரின் ஆசையைவிட இவர்களின் சிக்கனமே பெருங்காரணமாகும்.

மொறிஸ் மைனர், அலெக் இஸிகோனிஸ் என்னும் பொறியியலாளர் வகுத்த வண்டி. 1948ஆம் ஆண்டில் இலண்டனில் நடந்த மோட்டார் கண்காட்சியில் முதன்முதலாக வெளிவந்தது. 1970களின் தொடக்கத்தில் உற்பத்தி ஓயும்வரை 16 இலட்சத்துக்கு மேற்பட்ட வண்டிகள் செய்யப்பட்டன. மிக எளிய அமைப்பு. மூடியைத் திறந்தால் எஞ்சினின் உறுப்புகள் யாவும் கண்ணுக்குத் தெரியும். பெரும்பாலானவை கைக்கும் எட்டும். சில ஸ்பானர்களும் ஒரு ஜாக்கும் உள்ள எவரும் அதன் அன்றாடப் பராமரிப்பை வீட்டிலேயே செய்துகொள்ளலாம்.

இங்கிலாந்தின் பாத் நகரில் மொறிஸ் மைனர்களைத் திருத்தும் நிலையமொன்றை நடத்திய சார்ள்ஸ் வெயர் என்பவர், 1982இல் வெளியிட்ட தம் நூலில் ஒரு கணக்கை முன்வைத்தார். புதிய காரை வாங்கி, அதன் பெறுமதி தேயத்தேயப் பார்த்திருந்து, பின் விற்று மற்றொன்றை வாங்குவதினும், எளிதில் திருத்தக்கூடிய பழைய காரை ஆண்டுதோறும் சிறிது சிறிதாகப் புதுப்பித்துவருதல் இலாபமானது என்பதே அவர் கொள்கை. 1990களின் தொடக்கத்தில் அவர் இலங்கையர் ஒருவருடன் கூடி, இவ்வண்டிக்கான உதிரிப்பாகங்களை இந்நாட்டிலேயே செய்விக்கவும் முற்பட்டார். நம் நாட்டுத் தொழிலாளர் அடித்த தகடுகள் அவ்வண்டி பிறந்த நாட்டுக்கே சென்றன. பிறர் கைவிட்டதைப் பேணும் திறன் நம்மவரிடம் உண்டென்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

எனினும் சிக்கனம் என்பது மலிவாகச் செய்தலன்று, முறையாகச் செய்தல். பழைய காரை வாங்குவோரிற் பெரும்பாலோர் முதற்கண் பெயின்ட் அடிக்கின்றனர். அகத்தே பிழை மலிந்த நூலுக்குப் பட்டுறை போடுவதை அது ஒக்கும். எங்கள் ஊருக்கு அண்மையில் கராஜ் வைத்திருக்கும் முதியவர் ஒருவர், இளமையில் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பழகியவர், என்னிடம் முதல்நாளே சொன்னார்: "பெயின்ட் கடைசி வேலைங்க மாஸ்டர். மொதல்ல நிக்கிற வண்டியாக்குங்க, அப்புறம் ஓடுற வண்டியாக்கலாம்." நிற்கும் வண்டி என அவர் கருதியது பிரேக் செவ்வையாக உள்ள வண்டியை. இக்காரின் நான்கு சில்லுகளின் பிரேக்குக்கும் எண்ணெய் ஒரே வழியாகச் செல்கின்றது. ஒரு குழாய் வெடித்தால் நான்கும் பயனற்றுப்போம். பிரேக் எண்ணெயோ காற்றின் ஈரத்தை உறிஞ்சும் இயல்பினது. ஆதலின் குழாய்களையும் இறப்பர் உறுப்புகளையும் மாற்றுதல் முதற் செலவு. இரண்டாண்டுக்கு ஒருமுறை எண்ணெயை மாற்றுதல் தவறாத செலவு.

அடுத்தது துரு. இரத்தினபுரிப் பக்கத்தில் ஆண்டுக்கு 3,500 மில்லிமீற்றருக்கும் மேலாக மழை பொழிகின்றது. இவ்வண்டிக்கு லொறிக்கு உள்ளதுபோலத் தனியான அடிச்சட்டம் இல்லை. உடற்றகடே வண்டியைத் தாங்குகின்றது. கதவின் கீழ்விளிம்பும், பின் வில் பொருந்துமிடமும் அரித்துப்போனால் அழகு மட்டுமன்றி வலிமையும் போம். அரித்த இடத்தைப் பசையால் அடைத்து மறைத்தல் பொய். வெட்டி நீக்கிப் புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்தலே மெய். அதன்பின் எஞ்சின். 2002ஆம் ஆண்டோடு இந்நாட்டில் ஈயம் கலந்த பெற்றோல் நிறுத்தப்பட்டது. பழைய எஞ்சினின் வால்வு அமருமிடங்களை அவ்வீயமே தேயாமற் காத்துவந்தது. ஆகவே எஞ்சினைத் திறக்கும் வேளையில் அங்கே கடினமான உலோக வளையங்களைப் பொருத்திவிடுதல் அறிவுடைமை. முன்சில்லுகளைத் தாங்கும் திருகுமூட்டுகளுக்கு ஆயிரம் மைலுக்கு ஒருமுறை கிரீஸ் ஏற்றல் வேண்டும். சிறு செலவுதான், அதனைப் புறக்கணித்தால் மூட்டுத் தேய்ந்து கழன்று, ஓடும் வண்டியின் சில்லே மடிந்துவிழும். மாதந்தோறும் ஒரு சிறு தொகையை ஒதுக்கி, இவ்வரிசை பிறழாமல் மூன்று நான்கு ஆண்டுகளிற் செய்து முடித்தல் ஓர் ஆசிரியனுக்கு இயலாததன்று.

இதனைச் செய்யும்போதெல்லாம் சி. வை. தாமோதரம்பிள்ளையும் உ. வே. சாமிநாதையரும் என் நினைவுக்கு வருவர். செல்லரித்த ஏடுகளைத் தேடி எடுத்து, 1887இல் முன்னவர் கலித்தொகையையும் பின்னவர் சீவக சிந்தாமணியையும் அச்சேற்றினர். 1894இல் வெளிவந்த புறநானூற்றிலே சிதைந்த பாடல்களைச் சாமிநாதையர் சிதைந்தவாறே காட்டினார். தாமே அடிகள் இயற்றி இட்டு நிரப்பினாரல்லர். காரைப் புதுப்பிப்போனுக்கும் இதுவே நெறி. உள்ளதை உள்ளவாறு காக்க, திருத்தக்கூடியதை மாற்றாதொழிக, உயிர்க்காப்புக்காக மாற்ற நேர்ந்ததை ஒரு கொப்பியில் நாளிட்டு எழுதிவைக்க. அடுத்து அவ்வண்டியைப் பெறுவோனுக்கு அக்கொப்பியே உரைநூலாகும்.

பேணாதன எவ்வாறு மறையும் என்பதற்கு எங்கள் ஊரே சாட்சி. களனிவெளிக் குறுகிய இரயிற் பாதை 1912இல் இரத்தினபுரியையும் 1919இல் ஓப்பநாயக்கவையும் அடைந்தது. 1976இல் இப்பகுதிச் சேவை நின்றது. இன்று ஓப்பநாயக்கவில் இரயில் ஓடியதென்று சொன்னால் மாணவர் வியப்புறுகின்றனர். தண்டவாளம் மறைந்த பின் அதனைப் பேணிய கைகளின் அறிவும் மறைந்தது.

நான் அஞ்சுவதும் இதனையே. காருக்கு உதிரிப்பாகம் கிடைக்கும். அதனைப் பொருத்தும் கை கிடைக்குமோ? தேயிலைத் தொழிற்சாலைகளிலும் வீதியோரக் கராஜ்களிலும் கேட்டும் பார்த்தும் பழகிய முதிய பாஸ்மாரின் அறிவு எழுத்தில் ஏறவில்லை. நான் பயன்படுத்தும் வழிகாட்டிநூல் ஆங்கிலத்தில் உள்ளது. லயத்திற் பிறந்து, எஞ்சின் ஓசையைக் கேட்ட மாத்திரத்தே அதன் நோயைக் கூறவல்ல இளைஞனுக்கு அந்நூல் மூடிய நூலாகவே இருக்கின்றது. அவன் அறிவுக்குச் சான்றிதழும் இல்லை. அவன் மொழியில் நூலும் இல்லை. ஆகவே அவன் கொழும்புக்குக் கடைவேலைக்குப் போகின்றான்.

தமிழாசிரியராகிய நாம் இதிற் செய்யக்கூடியதொன்று உண்டு. மேல்வகுப்பு மாணவர் இருவர் மூவரை ஒரு பாஸிடம் அனுப்பி, அவர் செய்யும் வேலையைப் படிமுறையாகத் தமிழில் எழுதிவரச் செய்யலாம். கட்டுரைப் பயிற்சிக்கு இதனினும் சிறந்த பொருள் கிடையாது. ஒரு படி தவறினால் வண்டி ஓடாதென்பதால், தெளிவின்மைக்கு அங்கே இடமேயில்லை. காபரேட்டர், கிரீஸ் நிப்பிள், பிரேக் சூ என்று தொழிலாளர் வழங்கும் சொற்களை அவ்வாறே எழுதுக. திசைச்சொல்லுக்கு இடந்தந்த இலக்கணம் நம்முடையது. நாம் புனைந்த சொற்களால் அந்நூலை நிரப்பின், யாருக்காக எழுதினோமோ அவரே அதனைப் படியார். எழுதியவற்றைப் பாடசாலைச் சஞ்சிகையில் ஆண்டுக்கொன்றாக வெளியிட்டாலும், பத்தாண்டிற் பத்துப் பாடமுள்ள கைந்நூலொன்று உருவாகிவிடும். முதற்பாடம் பிரேக்கைப் பற்றியதாக இருக்கட்டும்.