முகமூடியைக் கழற்றலாமா?

கதாநாயகன் ஒருவன் முகமூடியைக் கழற்றினான். அதைப் படித்த வாசகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். "சபாஷ்!" என்றது ஒரு கட்சி. "எல்லாவற்றையும் கெடுத்து விட்டான்!" என்றது மறு கட்சி. அன்று தொடங்கிய வாக்குவாதம் இன்னும் ஓயவில்லை.

இது நடந்தது அமெரிக்காவில். வாக்குவாதம் தேர்தலைப் பற்றியது அல்ல. வரியைப் பற்றியதும் அல்ல. சித்திரக்கதையைப் பற்றியது!

"இது என்ன சிறுபிள்ளை விளையாட்டு?" என்று சிரித்து விடாதீர்கள். வாதாடுகிறவர்களில் பலர் தலை நரைத்தவர்கள். பள்ளிக்கூட வயதில் படிக்கத் தொடங்கி, தம் பிள்ளைகளுக்கும் படிக்கக் கொடுத்தவர்கள். அவர்கள் கேட்கும் கேள்வியும் சிறிய கேள்வி அல்ல. நல்லது செய்கிறவன் தன் பெயரை மறைக்கலாமா? மறைத்தால் அது பொய் ஆகாதா? வெளியே சொன்னால், அதனால் வரும் ஆபத்தை யார் தாங்குவது?

இரட்டை வாழ்க்கை

1938-ம் ஆண்டில் ஜெர்ரி சீகல், ஜோ ஷஸ்டர் என்ற இரண்டு இளைஞர்களின் படைப்பாக சூப்பர்மேன் வெளிவந்தான். வானத்தில் பறப்பான். துப்பாக்கிக் குண்டு அவன் மேனியைத் துளைக்காது. ஆனால், மற்ற நேரத்தில் அவன் கிளார்க் கென்ட் என்ற சாதாரணப் பத்திரிகை நிருபர். மூக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு, பயந்தவன்போல நடமாடுவான். கூடவே வேலை பார்க்கும் லோயிஸ் லேன் என்ற பெண் நிருபருக்கும் உண்மை தெரியாது.

1962-ல் வந்தவன் ஸ்பைடர்மேன். சிலந்தியைப்போலச் சுவரில் ஏறுவான். உண்மையில் அவன் பீட்டர் பார்க்கர் என்ற ஏழை மாணவன். பெரியப்பா பென் திருடனால் கொல்லப்பட்டார். பெரியம்மா மே மட்டும்தான் துணை. அவன் முகமூடியைத் தொடர்ந்து போட்டதற்கு ஒரு முக்கியக் காரணம் உண்டு. தன்மீது வஞ்சம் வைத்தவன் பெரியம்மாவைத் தேடி வந்துவிடக் கூடாதே என்ற பயம்.

வாசகனுக்கு மட்டும் உண்மை தெரியும். கதையில் உள்ள ஊராருக்குத் தெரியாது. நாயகனும் வாசகனும் சேர்ந்து காக்கும் ரகசியம் அது. அதில் தனிச் சுகம் உண்டு. பாண்டவர்கள் விராட நகரில் அஞ்ஞாத வாசம் செய்த கதையை நாம் ஏன் திரும்பத் திரும்பக் கேட்கிறோம்? நடனம் கற்றுக்கொடுக்கும் பிருகன்னளைதான் அர்ச்சுனன் என்பது நமக்குத் தெரியும், அரண்மனைக்குத் தெரியாது. அந்தச் சுகம்தான்.

2006-ல் நடந்தது என்ன?

2006-ம் ஆண்டில் மார்வெல் நிறுவனம் "சிவில் வார்" என்ற தொடரை வெளியிட்டது. எழுதியவர் மார்க் மில்லர். படம் வரைந்தவர் ஸ்டீவ் மெக்னிவன்.

கதை இதுதான்: அனுபவம் இல்லாத சில இளம் வீரர்கள் கெட்டவர்களைப் பிடிக்கப் போகிறார்கள். சண்டையில் பெரிய வெடிப்பு. பள்ளிக் குழந்தைகள் உள்பட நூற்றுக்கணக்கானவர்கள் மாண்டு போகிறார்கள். நாடு கொதிக்கிறது. அரசாங்கம் சட்டம் கொண்டு வருகிறது. "அபூர்வ சக்தி உள்ளவர்கள் அனைவரும் உண்மைப் பெயரைப் பதிவு செய்யவேண்டும், மறுப்பவர்களுக்குச் சிறை" என்கிறது சட்டம். இரும்பு மனிதன் சட்டத்தை ஆதரிக்கிறான். கேப்டன் அமெரிக்கா எதிர்க்கிறான். நண்பர்கள் பகைவர்கள் ஆகிறார்கள்.

ஸ்பைடர்மேன் இரும்பு மனிதன் பக்கம் சேர்கிறான். நிருபர்கள் கூட்டத்தில் முகமூடியைக் கழற்றித் தன் பெயரைச் சொல்கிறான். 44 ஆண்டுகளாகக் காப்பாற்றிய ரகசியம் ஒரு பக்கத்தில் முடிந்தது!

அடுத்து என்ன ஆயிற்று? அவன் பயந்தபடியே ஆயிற்று. 2007-ல், சிறையில் இருந்த பகைவன் ஏவிய ஆள் மறைந்திருந்து சுட்டான். குறி பீட்டர். குண்டு பாய்ந்ததோ பெரியம்மா மீது!

சூப்பர்மேனும் சொன்னான்

2019-ம் ஆண்டு டிசம்பரில் சூப்பர்மேனும் உலகத்துக்கு உண்மையைச் சொன்னான். அந்தக் கதையை எழுதியவர் பிரையன் மைக்கேல் பெண்டிஸ். அவனை எந்தச் சட்டமும் கட்டாயப்படுத்தவில்லை. உண்மைக்காகப் போராடுகிறவன் பொய்யில் வாழலாமா என்று மனச்சாட்சி உறுத்தியது. தன் பத்திரிகை ஆசிரியர் பெர்ரி ஒயிட்டிடம் முன்னதாகவே சொல்லிவிட்டு, பிறகு ஊரறியச் சொன்னான்.

நம்மைப் போன்ற பத்திரிகைக்காரர்களுக்கு இந்த இடம் கொஞ்சம் சுருக்கென்று தைக்கும். கிளார்க் கென்ட் நிருபர். சூப்பர்மேனைப் பற்றிச் செய்தி எழுதியவன். அதாவது, தன்னைப் பற்றித் தானே எழுதினான்! பீட்டர் பார்க்கரும் அப்படித்தான். தன்னையே படம் பிடித்துப் பத்திரிகைக்கு விற்றான். செய்தியைக் காசு கொடுத்து வாங்கிப் படித்தவன் ஏமாந்தவன்தானே?

இரு தரப்பு வாதம்

வெளியே சொன்னது சரி என்பவர்களின் வாதம் வலுவானது. போலீஸ்காரர் சட்டையில் எண் இருக்கிறது. நீதிபதி பெயரைப் போட்டுத்தான் தீர்ப்பு எழுதுகிறார். தவறு செய்தால் கேட்க ஆள் தெரியவேண்டும். முகமூடி போட்டவன் தவறாக ஒருவனை அடித்துவிட்டால், அடிபட்டவன் எந்தக் கோர்ட்டில் யார்மீது வழக்குப் போடுவான்? மேலும், மனைவியிடமும் நண்பனிடமும் ஆண்டுக்கணக்காகப் பொய் சொல்கிறவனை எப்படி வீரன் என்பது?

கூடாது என்பவர்களின் வாதமும் லேசானது அல்ல. நாயகன் மேனியைக் குண்டு துளைக்காது. அவன் மனைவி மேனியைத் துளைக்குமே! பெயர் வெளிவந்த மறுநாள் அவன் வீட்டு வாசலில் நிற்பது பாராட்டுக் கூட்டம் மட்டுமா? கத்தியோடு ஒருவனும் நிற்பான். அதோடு, அந்த ரகசியம் போய்விட்டால் கதையில் என்ன மிச்சம்? கண்ணாடி போட்ட கூச்சக்காரனுக்குள் மாவீரன் இருக்கிறான் என்பதால்தான், கண்ணாடி போட்ட சிறுவர்கள் அவனைத் தங்களில் ஒருவனாக நினைத்தார்கள்!

"ரகசியம் போனால் கதையே போய்விடும்" என்பதை நாம் முழுவதும் ஏற்கவில்லை. 2008-ல் வந்த "அயர்ன் மேன்" திரைப்படத்தின் கடைசியில் கதாநாயகன் டோனி ஸ்டார்க் நிருபர்களிடம் தானே உண்மையைப் போட்டு உடைக்கிறான். அதற்குப் பிறகும் அந்தப் பாத்திரம் பல படங்களில் வந்தது. ஜனங்கள் கொட்டகையை நிரப்பினார்கள். ஆனால் டோனி ஸ்டார்க் கோடீசுவரன். காவலுக்குப் பணம் உண்டு. பீட்டர் பார்க்கருக்கு என்ன உண்டு?

சொன்னதை அழித்தார்கள்

இனிமேல் வருவதுதான் வேடிக்கை. வெளியே சொன்ன ரகசியத்தை மீண்டும் உள்ளே தள்ளினார்கள்!

2007-ன் இறுதியில் வந்த ஸ்பைடர்மேன் கதையில், சாகக் கிடக்கும் பெரியம்மாவைக் காப்பாற்ற பீட்டரும் அவன் மனைவி மேரி ஜேனும் ஒரு பிசாசுடன் ஒப்பந்தம் செய்கிறார்கள். விலை, அவர்களுடைய திருமணம்! 1987-ல் நடந்த கல்யாணம் நடக்காததாகவே ஆகிவிடுகிறது. ஊராரும் அவன் பெயரை மறந்து போகிறார்கள். ரசிகர்கள் கொதித்து எழுந்தார்கள். கதையை எழுதிய ஸ்ட்ராசின்ஸ்கியே முடிவில் தமக்கு உடன்பாடு இல்லை என்று வெளிப்படையாகச் சொன்னார்.

2022-ல் சூப்பர்மேன் கதையிலும் இதே வித்தை. அவனுடைய பரம எதிரி லெக்ஸ் லூதர் உலகத்தின் நினைவிலிருந்தே ரகசியத்தை அழித்து விடுகிறான்.

இது புதிய தந்திரமும் அல்ல. 1919-ல் ஜான்ஸ்டன் மெக்கல்லி என்பவர் ஒரு வாரப் பத்திரிகையில் சோரோ என்ற முகமூடி வீரனின் கதையைத் தொடராக எழுதினார். கடைசி அத்தியாயத்தில் சோரோ எல்லோர் முன்னிலும் முகமூடியைக் கழற்றினான். கதை முடிந்தது. 1920-ல் டக்ளஸ் பேர்பாங்ஸ் நடித்து அது படமாக வந்து பிரமாத வெற்றி பெற்றது. "இன்னும் சோரோ வேண்டும்" என்றார்கள். பிறகு வந்த கதைகளில் சோரோ மீண்டும் முகமூடியோடு வந்தான். முன்பு கழற்றியதை ஆசிரியர் கண்டுகொள்ளவே இல்லை!

நமது கருத்து

இதில் யார் பக்கம் நியாயம்?

ரகசியம் வேறு, வஞ்சகம் வேறு. பிறர் உயிரைக் காக்க மறைப்பது ரகசியம். தன் சவுகரியத்துக்காக மறைப்பது வஞ்சகம். தன் முகமூடியால் ஆபத்துக்கு ஆளாகக் கூடியவர்களிடம் நாயகன் உண்மையைச் சொல்லியே தீரவேண்டும். மனைவிக்குத் தெரியாமல் மனைவியின் உயிரைப் பணயம் வைக்க யாருக்கும் உரிமை இல்லை. சூப்பர்மேன் 1991-ல் லோயிஸ் லேனிடம் உண்மையைச் சொன்னான், 1996-ல் மணந்தான். அது முறை.

ஆனால், ஊருக்குச் சொல்வது வேறு விஷயம். அது அவனாக எடுக்கவேண்டிய முடிவு. 2019-ல் வந்த ஸ்பைடர்மேன் திரைப்படத்தின் முடிவில், செத்துப்போன வில்லன் விட்டுச்சென்ற பொய்ப் படம் ஒன்று பீட்டரின் பெயரை ஊரறியச் செய்துவிடுகிறது. கொலைப் பழியையும் அவன்மீது போடுகிறது. அதை வெளியிடுகிறது ஒரு செய்தி நிலையம். விசாரித்தார்களா? இல்லை. பரபரப்பு போதும் என்று நினைத்தார்கள். இதை எந்த ரசிகனும் நியாயம் என்று சொல்ல மாட்டான்.

கதையை விட்டு வெளியே வந்து பாருங்கள். நம்மிடையேயும் முகமூடி உண்டு. லஞ்சத்தைப் பற்றிப் பெயர் போடாமல் கடிதம் எழுதும் குமாஸ்தா, கலப்படத்தைக் காட்டிக்கொடுக்கும் தொழிலாளி — இவர்களின் பெயரை வெளியிட்டால் என்ன நடக்கும்? உதை விழும், வேலை போகும், சில சமயம் உயிரும் போகும். செய்தி கொடுத்தவரின் பெயரைக் காப்பது பத்திரிகையின் தர்மம். ஆனால், அந்தச் செய்தி பொய்யா மெய்யா என்று விசாரிக்க வேண்டியதும் பத்திரிகையின் கடமை. பெயரை மறைத்தவன் பொறுப்பையும் மறைத்துவிட முடியாது. அவனுக்காக வேறு யாராவது பொறுப்பு ஏற்கவேண்டும்.

கதை எழுதுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. முகமூடியைக் கழற்றுவதானால் யோசித்துக் கழற்றுங்கள். கழற்றிய பிறகு, "அது நடக்கவே இல்லை" என்று மந்திரம் போடாதீர்கள். ரசிகனின் கோபம் முகமூடியைக் கழற்றியதற்கு மட்டும் அல்ல. அதைப் படித்து அவன் பட்ட வேதனையைச் செல்லாக் காசு ஆக்கியதற்கும்தான்.

கதையில் ஒரு பிசாசு வந்து உலகத்தை மறக்கச் செய்யும். வாழ்க்கையில் அப்படிப்பட்ட பிசாசு கிடையாது. ஒருவன் ரகசியத்தை நாம் வெளியே விட்டால், விட்டதுதான். ஆகவே, அடுத்தவன் முகமூடியில் கை வைப்பதற்கு முன், அவன் வீட்டில் இருக்கும் பெரியம்மாவை ஒரு கணம் நினைத்துக்கொள்வோம்!