குறைத்துக் காட்டும் கணக்கும் கிடைக்காத கடனும்

விற்பனையை 40 லட்சத்துக்குள் காட்டிவிட்டால் ஜி.எஸ்.டி. பதிவு வேண்டாம், தொல்லை விட்டது என்று நம் மளிகைக்கடை அன்பர்களில் பலர் இருக்கிறார்கள். மொத்த வியாபாரியான எனக்கு அவர்கள் எடுக்கும் மூட்டைக் கணக்கே உண்மை விற்பனையைச் சொல்லிவிடும். ஆனால் வங்கி மேலாளர் என்னைக் கேட்பதில்லை. வருமான வரிக்குக் கொடுத்த கணக்கைத்தான் கேட்கிறார்.

உதாரணமாக, 90 லட்சம் விற்கும் கடை 40 லட்சம் காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். நடைமுறை மூலதனக் கடனாக ஆண்டு விற்பனையில் 5-ல் 1 பங்கு என்பது நாயக் குழு 1992-ல் சிறுதொழில்களுக்குச் சொன்ன அளவு. அதே அளவில் பார்த்தால் 18 லட்சம் கேட்க வேண்டிய கடைக்கு 8 லட்சம்தான் பேச முடியும். மீதி 10 லட்சத்தை வெளியில் 2 ரூபாய் வட்டிக்கு வாங்கினால் ஆண்டுக்கு 2,40,000 ரூபாய். வங்கியில் 12 சதவீதம் என்றாலும் 1,20,000தான்.

இவ்வளவு கொடுத்து மிச்சப்படுத்திய வரி எவ்வளவு? 90 லட்சத்துக்கு 8 சதவீத உத்தேச லாபம் 7,20,000. 2025-26 முதல் புதிய முறையில் 12 லட்சம் வரை வருமான வரியே இல்லை. ஜி.எஸ்.டி.யில் காம்போசிஷன் முறையில் 1 சதவீதம், மிஞ்சிப்போனால் 90,000. சில்லறையாக விற்கும் அரிசி, பருப்புக்கு வரி இல்லாததால் அதுவும் குறையும். ஆடிட்டர் கூலி தனி, ஒத்துக்கொள்கிறேன்.

பெரிய கம்பெனிகளில் இதற்கு நேர்மாறாகவும் நடந்திருக்கிறது. சத்யம் கம்ப்யூட்டர்ஸ் இல்லாத பணத்தை ஐந்தொகையில் இருப்பாக எழுதியது. 2009 ஜனவரியில் தலைவரே ஒப்புக்கொண்டபோது பள்ளம் 7,000 கோடிக்கு மேல். கணக்கைப் பார்த்துத்தான் பணம் வரும் என்று தெரிந்துதான் அவர்கள் கூட்டி எழுதினார்கள். நாமோ குறைத்து எழுதிவிட்டு, கடன் தரவில்லை என்று வங்கியைத் திட்டுகிறோம். (கணக்கைச் சரியாக வைத்தவரையும் ஜாமீன் கேட்டு அலைக்கழிக்கும் வங்கிகள் உண்டு. அது வேறு வழக்கு.)

திடீரென்று 90 லட்சம் காட்டினால் பழைய ஆண்டுகளைக் கிளறுவார்களே என்ற பயம் நியாயமானது. வருமான வரியில் கூடுதல் வரி கட்டிப் பழைய கணக்கைத் திருத்த 2022 முதல் வழி இருக்கிறது. ஜி.எஸ்.டி. பக்கம் என்ன செய்வது என்று விளக்க, அடுத்த பொதுக்குழுவுக்கு ஓர் ஆடிட்டரைச் சங்கம் அழைக்க வேண்டும். மாலை மரியாதை நேரத்தைக் குறைத்தாலே அதற்கு 1 மணி நேரம் கிடைக்கும்.