ஒழிப்பதா, ஒதுங்க வைப்பதா?

தீபாவளிக்கு மூணு வாரம் இருக்கும்போதே தில்லிப் பக்கம் எல்லா வீட்டிலும் 'சஃபாயி' ஆரம்பித்துவிடும். பால்கனியில் மெத்தை காயும். ஏணி போட்டு மின்விசிறி துடைப்பார்கள். கபாடிவாலாவின் சைக்கிள் வண்டி ஒரு நாளைக்கு நாலு நடை வரும். அதே வாரத்தில் கடைகளில் பிளாஸ்டிக் பெட்டி, அடுக்கு டப்பா, ஜிப் வைத்த துணிப்பை எல்லாம் மலையாகக் குவிந்திருக்கும். நம்ம தமிழ்க் குடும்பங்கள் மட்டும் சளைத்தவர்களா? ஆளுக்கு ஆறு பெட்டி வாங்கி வந்து, இருக்கிற சாமானை எல்லாம் அதில் போட்டு மூடி, கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, 'அப்பாடா, வீடு பளிச்சுனு ஆயிடுச்சு' என்று காப்பி குடிப்போம்.

என்னைக் கேட்டால், அதற்குப் பேர் சுத்தம் பண்ணுவது இல்லை. குப்பைக்கு மூடி போடுவது.

நம்ம ஊர்ப் பேச்சில் இதற்கு அழகாக ரெண்டு வார்த்தை இருக்கு. ஒன்று ஒழிப்பது, இன்னொன்று ஒதுங்க வைப்பது. 'அந்த அலமாரியை ஒழிச்சுக் குடு' என்றால் உள்ளே இருப்பதை வெளியே எடுத்து இடத்தைக் காலி பண்ணு என்று அர்த்தம். 'சமையலறையை ஒதுங்க வை' என்றால் அதது அதன் இடத்துக்குப் போகணும் என்று அர்த்தம். முதலில் ஒழிக்கணும், அப்புறம்தான் ஒதுங்க வைக்கணும். இந்த வரிசை மாறினால் வேண்டாத சாமானுக்கும் சேர்த்து நாம் பெட்டி வாங்கிக்கொண்டே இருப்போம்.

நான் ஆணி பிடுங்குவது மானேசரில், வாகன உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில், தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில். அங்கே சுவருக்குச் சுவர் ஐந்து 'எஸ்' எழுதித் தொங்கவிட்டிருப்பார்கள். ஜப்பான்காரர்கள் சொல்லிக்கொடுத்தது. செய்ரி, செய்டன், செய்ஸோ, செய்கெட்ஸு, ஷிட்ஸுகே. அதாவது வேண்டாததைக் கழி, வேண்டியதற்கு இடம் கொடு, துடைத்து வை, எல்லோருக்கும் ஒரே முறையாக்கு, அதைப் பழக்கமாக்கு. பாருங்கள், அவர்களும் ஒழிப்பதைத்தான் முதலில் வைத்திருக்கிறார்கள்.

செய்ரிக்கு ஒரு எளிய வழி உண்டு, சிவப்புச் சீட்டு. தேவையா இல்லையா என்று தெரியாத பொருளில் தேதி போட்டுச் சீட்டு ஒட்டி ஒரு மூலையில் வைத்துவிடுவோம். எங்கள் ஆலையில் 30 நாள் கெடு. அதற்குள் யாரும் தேடி வரவில்லை என்றால் வெளியே போய்விடும். தொழிற்சாலைக்கு அது சரி. வீட்டுக்கு அப்படியே கொண்டு வந்தால் வம்புதான். மே மாதம் சீட்டு ஒட்டினால் ரஜாய் போய்விடும், ஜனவரியில் ஒட்டினால் கூலர் போய்விடும், எப்போது ஒட்டினாலும் கொலு பொம்மை போய்விடும்!

ஜப்பானிலிருந்தே வந்த இன்னொரு பெயர் மரி கோண்டோ. 2010-ல் அங்கே புத்தகம் போட்டு, 2014-ல் அது ஆங்கிலத்தில் வந்து, 2019-ல் நெட்ஃபிளிக்ஸ் தொடராகி, அதைப் பார்த்துவிட்டு நம்ம வீடுகளிலும் புடவைகளைச் சுருட்டி நிற்க வைத்த அம்மணிகள் உண்டு. ஒவ்வொரு பொருளாகக் கையில் எடு, மனசுக்குள் மகிழ்ச்சி வந்தால் வைத்துக்கொள் என்பது அவர் முறை. என் வீட்டு இட்லிக் கொப்பரையைக் கையில் எடுத்தால் நாளைக்கு மாவு இருக்கா என்ற கவலைதான் வருகிறது. அதற்காக எறிந்துவிட முடியுமா? அந்த அம்மாவே மூணாவது குழந்தை பிறந்தபிறகு, இப்போதெல்லாம் வீடு முன்போல் அடுக்கி இருப்பதில்லை என்று 2023-ல் சொல்லிவிட்டார். பிள்ளைகள் இருக்கிற வீடு அப்படித்தான்.

அதனால் நம்ம வீட்டுக்கு நம்ம கணக்குதான் சரிப்படும். என் பார்வையில், ஊரை விட்டு வந்து வாடகைக்கு இருக்கும் குடும்பத்தில் சேரும் சாமான் மூன்று வகை.

1. வருஷத்துக்கு ஒரு முறை வருவது

குர்கானில் வீட்டுப் பாதி எப்போதும் தூங்கிக்கொண்டேதான் இருக்கும். (2016-ல் குருகிராம் ஆகிவிட்டது, ஆட்டோக்காரருக்கு இன்னும் குர்கான்தான்.) தீபாவளிக்குக் கம்பளி வெளியே வரும், ஹோலி முடிந்தால் உள்ளே போகும். கூலர், ஹீட்டர், ரஜாய், கொலுப்படி, கார்த்திகை அகல், பொங்கல் பானை இதெல்லாம் குப்பை இல்லை. இதற்கு வேண்டியது ஒதுங்க வைக்கும் புத்தி மட்டும்தான். கட்டிலின் பெட்டிக்குள் என்ன, பரணில் (இங்கே டாண்ட் என்பார்கள்) என்ன என்று ஒரு தாளில் எழுதி அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டுங்கள். பாதித் தேடல் அதிலேயே முடிந்துவிடும்.

2. வந்துகொண்டே இருப்பது

ரயிலில் ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் ஆளுக்கு 40 கிலோ இலவசம். நாலு பேர் தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் ஊர் போய் வந்தால் 160 கிலோ! வடகம், வற்றல், புளி, மிளகாய்ப்பொடி, அம்மா கொடுத்த ஊறுகாய், அவையெல்லாம் வந்த டப்பாக்கள். விமானத்தில் பெரும்பாலும் 15 கிலோதான் என்பது வீட்டுக்கு ஒரு விதத்தில் நல்லது :-) ஊறுகாய் தீர்ந்துவிடும், டப்பா தீராது. இங்குள்ளவர்கள் தீபாவளிக்குக் கொடுக்கும் கண்ணாடிக் கிண்ண செட்டும், முந்திரி திராட்சை வந்த தட்டும் தனி. இதற்கு ஒரே மருந்து, வாசலிலேயே முடிவெடுப்பது. காலி டப்பா அடுத்த ஊர்ப் பயணத்தில் அம்மாவிடமே திரும்பணும். பிரிக்காத பரிசு பொங்கலுக்குள் யாருக்காவது பயன்படணும்.

'அக்காவோடது தம்பிக்கு ஆகும்' என்று வைக்கிற பாடப் புத்தகமும் இதில் சேர்த்தி. 2024-ல் ஆறாம் வகுப்புக்கு என்சிஇஆர்டி புதுப் புத்தகம் கொண்டு வந்தபோது, நாலு வருஷமாகக் கட்டி வைத்த மூட்டைகள் எங்கள் அடுக்ககத்தில் எத்தனை வீட்டிலிருந்து கபாடிக்குப் போயின தெரியுமா? புத்தகத்தை அடுத்த பிள்ளைக்கு அந்த வருஷமே கொடுத்துவிடணும். தாமதிக்கிற தானம் பழைய பேப்பர் ஆகிவிடும்.

3. 'ஊருக்குப் போனப்புறம்'

இதுதான் பெரிய வகை. இதைப் பற்றித்தான் நாம் யாரும் பேசுவதில்லை.

ஊரில் வீடு கட்டினால் மாட்ட ஒரு தொங்குவிளக்கு. அங்கே போனால் ஆகும் என்று ரெண்டாவது கிரைண்டர். பிரிக்காத டின்னர் செட். பழைய வீட்டிலிருந்து வந்து இன்னும் பிரிக்காத அட்டைப்பெட்டி. பதினொரு மாத வாடகை ஒப்பந்தம் முடியும்போதெல்லாம் நம்மோடு லாரி ஏறி இறங்குவது இவைதான்.

கணக்குப் பார்க்கலாம். 900 சதுர அடி வீட்டுக்கு மாசம் 30,000 வாடகை என்று வையுங்கள். ஒரு சதுர அடிக்கு 33 ரூபாய். நாலுக்கு நாலு அடியில் பெட்டி அடுக்கினால் 16 சதுர அடி, மாசம் 533, வருஷத்துக்கு 6,400 ரூபாய். பத்து வருஷம் காத்திருக்கும் கிரைண்டருக்கு நாம் கட்டிய வாடகையில் நாலைந்து கிரைண்டர் வாங்கியிருக்கலாம்.

ஆனால் பணம் சின்ன விஷயம். எங்கள் வீட்டில் அப்படி மூணு அட்டைப்பெட்டி இருந்தது. 2013-லிருந்து நாலு வீடு பார்த்த பெட்டிகள். போன வருஷம் ஒப்பந்தம் புதுப்பிக்கும்போது, 'இதை என்ன பண்ணலாம்?' என்று ரங்கமணியைக் கேட்டேன். மூணு ஞாயிற்றுக்கிழமை நழுவினார். நாலாவது ஞாயிறு சொன்னார்: 'நாம திரும்பிப் போகப் போறதில்லைன்னு எனக்கு ரெண்டு வருஷமாவே தோணிடுச்சு. பெட்டியைப் பிரிச்சா அதை ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். அதான் பிரிக்கலை.'

அன்றைக்கு நாங்கள் பெட்டியைத் தொடவே இல்லை. சாயங்காலம் வரை பேசினோம். பிள்ளைகள் படிப்பு, ஊரில் இருக்கிற என் அம்மா அப்பா, ஓய்வுக்குப்பின் எங்கே, எல்லாம். பத்து வருஷமாகப் பேச வேண்டிய பேச்சு. அதைப் பெட்டிக்குள் போட்டு டேப் ஒட்டி வைத்திருந்தோம். அடுத்த வாரம் பிரித்தபோது மூணு பெட்டியில் ஒரு டிரங்க் அளவுதான் தேறியது. அதன் மேல் '2030-ல் பார்க்கவும்' என்று எழுதி வைத்திருக்கிறோம்.

ஊருக்குத் திரும்பும் ஆசை தப்பே இல்லை. எந்த வருஷம், எந்த ஊர், யார் யார் என்று பேசி முடிவெடுங்கள். அதற்கு வேண்டியது ஒரு கோப்பும் ஒரு சேமிப்புக் கணக்கும். பழைய அட்டைப்பெட்டிகள் உங்களைத் திருப்பிக் கொண்டுபோய் விடாது. இந்த வீட்டில் பிள்ளைகள் படிக்க ஒரு மேஜை போடும் இடத்தை அவை அடைத்துக்கொண்டிருக்கின்றன என்பது மட்டும் நிச்சயம்.

இங்கே ஒரு எச்சரிக்கையும் சொல்லணும். ஒழிக்கும் வேகத்தில் பெரியவர்கள் சாமானில் கை வைக்காதீர்கள். என் மாமியார் 2021-ல் கும்பகோணத்து வீட்டைக் காலி பண்ணிவிட்டு எங்களோடு வந்தார். அறுபது வருஷக் குடித்தனத்தில் அவர் கையோடு கொண்டு வந்தது ஒரு வெண்கலப் பானை, ஒரு ஈயச்சொம்பு, நாலு பித்தளை அடுக்கு. கொஞ்சம் இடம் அடைக்கத்தான் செய்கிறது. ஆனால் அந்த அடுக்குகள்தான் அவருக்கு மிச்சமிருக்கும் வீடு. அதைக் கேட்காமல் அகற்றுவது அவரையே 'தள்ளி உட்காருங்கோ' என்று சொல்வது மாதிரி. எங்கள் வீட்டில் சட்டம் ஒன்றுதான், யார் பொருளோ அவர்தான் முடிவெடுக்கணும். ஆறு வயசுப் பிள்ளையின் உடைந்த காருக்கும் இதே சட்டம். அத்தையே போன தையில் ரெண்டு அடுக்கை எடுத்து, கல்யாணமான அண்ணன் பேத்திக்குக் கொடுத்தனுப்பினார். நான் கேட்டிருந்தால் கொடுத்திருக்க மாட்டார்.

சரி, கழித்ததை என்ன செய்வது? போகியில் கொளுத்தும் ஞாபகத்தில் இங்கே கொளுத்திவிடாதீர்கள். திறந்த வெளியில் குப்பை எரித்தால் 5,000 ரூபாய், பெரிய அளவில் எரித்தால் 25,000 ரூபாய் என்று 2016-லேயே தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவு போட்டிருக்கிறது. நவம்பரில் தில்லிக் காற்றை சுவாசித்தவர்களுக்குக் காரணம் சொல்லத் தேவையில்லை. பேப்பர், இரும்பு, பிளாஸ்டிக் கபாடிவாலாவுக்கு. பழைய போன், சார்ஜர் எல்லாம் மின்கழிவு எடுப்பவர்களிடம் தனியாக. துணிக்கு கூஞ்ச் இருக்கிறது. 1999-ல் அன்ஷு குப்தா தில்லியில் தொடங்கியது, 2015-ல் அவருக்கு மகசேசே விருது. நைந்த பருத்தித் துணியைக் கூட மாதவிடாய் நாப்கின் ஆக்குகிறார்கள். துவைத்து, மடித்துக் கொடுங்கள். வீட்டு வேலைக்கு வரும் அக்காவின் கையில் கேட்காமல் மூட்டையைத் திணிப்பதை மட்டும் நிறுத்துவோம். நம்ம குப்பையைச் சுமப்பது அவர் வேலை இல்லை. வேண்டுமா என்று கேட்டு, பிடித்ததை அவரே எடுக்கட்டும்.

கடைசியாக, இதெல்லாம் யார் செய்வது? அநேகமாக எல்லா வீட்டிலும் வீட்டம்மாதான். காரணம், எது எங்கே இருக்கிறது என்று அவருக்கு மட்டும்தான் தெரியும். 'அம்மா, ஸ்டேப்ளர் எங்கே?' என்று நாளைக்கு இருபது தடவை கேட்பது அந்த வீட்டின் கோளாறு. ஆலையில் எந்தக் கருவி எங்கே என்று எனக்கு மட்டும் தெரிந்தால், நான் லீவு போட்ட அன்று வேலை நின்றுவிடும்.

அதனால் டப்பாவுக்கு டப்பா பெயர் எழுதுங்கள். எந்த மொழியில் என்பதில்தான் நம்ம வீட்டு வேடிக்கை. அத்தைக்குத் தமிழ் மட்டும். பிள்ளைகளுக்கு இந்தியும் ஆங்கிலமும். சமையலுக்கு உதவ வரும் அக்காவுக்குப் படிக்கவே வராது. நாங்கள் தமிழில் எழுதி, பக்கத்தில் ஒரு சின்னப் படம் ஒட்டினோம். சின்னவன் 'து' வையும் 'ப' வையும் கற்றது துவரம்பருப்பு டப்பாவில்தான். தமிழ் வகுப்புக்குப் பணம் கட்டியும் வராதது!

வருஷத்தில் ஒரு நாள் போதும் மக்களே. பதினோராவது மாதம், வீட்டுக்காரரிடம் ஒப்பந்தம் பேசும் வாரம். அன்று குடும்பத்தோடு உட்கார்ந்து சிவப்புச் சீட்டு ஒட்டுங்கள், போன வருஷச் சீட்டைப் பிரியுங்கள். ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரே கேள்வி: இது நாம் வாழ்கிற வீட்டுக்கா, என்றைக்கோ வாழப்போகிற வீட்டுக்கா? ரெண்டாவது என்றால், பெட்டியை ஓரமாக வைத்துவிட்டு முதலில் அந்த வீட்டைப் பற்றிப் பேசுங்கள்.

டிஸ்கி: '2030-ல் பார்க்கவும்' டிரங்குக்குள் என்ன இருக்கிறது என்று யாரும் கேட்க வேண்டாம். பாதி ரங்கமணியின் கிரிக்கெட் சாமான். யார் பொருளோ அவர்தான் முடிவெடுக்கணும், சட்டம் சட்டம்தான் :-)