ஒரு பைட்டுச் சிக்கனம்

ஜங்லிகாட் மீன் இறங்குதுறையில் அரை மணி நேரம் நின்றாலே வங்காளமும் தமிழும் தெலுங்கும் இந்தியும் ஒரே பேரத்துக்குள் கலந்து காதில் விழும். இத்தகைய இடத்தில் மொழிப் பயன்பாட்டை ஆராயப் புகும் மாணவர் முதலில் ஒவ்வொரு மொழிக்கும் ஒரு குறியீட்டு எண் தருகிறார். எண்கள் சிறியவை, ஆகவே அவற்றுக்குச் சிறிய தரவு வகை வேண்டும் என்ற வாதமும் உடன் எழுகிறது. போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் ஒரு பைட்டு முழு எண் வகை கிடையாது. மிகச் சிறியது இரண்டு பைட்டு ஸ்மால்இன்ட். பீட்டர் ஐசன்ட்ராட் எழுதிய பிஜியுஇன்ட் நீட்சியை நிறுவிக்கொண்டால் குறை தீரும் என்கிறார்கள். மொழித் தரவைப் பொறுத்தவரை அது குறையே அன்று.

எண்ணைச் சுருக்கினால் இடம் மிஞ்சும் என்பது முதற் பிழை. போஸ்ட்கிரெஸில் ஒவ்வொரு வரிசைக்கும் 23 பைட்டுத் தலைப்பு உண்டு. சீரமைப்புக்காக அது 24 ஆகிறது. இன்றைய கணினிகளில் வரிசையின் மொத்த நீளமும் எட்டின் மடங்காக நிரப்பப்படுகிறது. நான்கு பைட்டு அடையாள எண்ணும் ஒரு பைட்டுக் குறியீடும் சேர்ந்தால் 29, நிரப்பியபின் 32. குறியீட்டை இரண்டு பைட்டாக்கினால் 30; அதுவும் நிரப்பியபின் 32. மிச்சம் பூச்சியம். நெடுவரிசைகள் பெருகினால் மிஞ்சுமே என்பர். வால்ஸ் என்னும் உலக மொழி அமைப்புத் தொகுப்பின் 192 கூறுகளையும் 2,600 மொழிகளுக்கு ஒரு கட்டமும் காலியின்றி நிரப்பியதாகவே கொள்வோம். மிஞ்சுவது ஏறத்தாழ அரை மெகாபைட்டு. கைப்பேசியில் எடுத்த படம் ஒன்றே அதைவிடப் பெரிது. கோடிக்கணக்கான உணரி அளவீடுகளை அணிகளாகச் சேமிப்போருக்கு இவ்வகை உண்மையிலேயே பயன்படும், அவர்களோடு வழக்கில்லை.

இனி, 256 மதிப்புகள் போதுமா? 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு சீர்செய்து பட்டியலிட்ட தாய்மொழிப் பெயர்களே 1,369. ஜங்லிகாட்டில் கேட்கும் மொழிகளை எண்ணி ஒரு பைட்டில் அடைத்தவர், அதே அட்டவணையை நாடு தழுவிய ஆய்வோடு இணைக்கும் நாளில் திண்டாடுவார். ‘பதில் இல்லை’ என்பதற்கு −1 இடும் பழக்கமும் கள ஆய்வில் பரவலானது; குறியற்ற வகையில் அதற்கு இடமில்லை. எஸ்க்யூஎல் செந்தரத்தில் டைனியின்ட் என்றொரு வகை இல்லாததால், பெயர் ஒன்றாக இருந்தும் பொருள் வேறாகிறது: எஸ்க்யூஎல் சர்வரில் அது 0 முதல் 255 வரை, மைஎஸ்க்யூஎலில் இயல்பாக −128 முதல் 127 வரை. கடுமை தளர்த்தப்பட்ட மைஎஸ்க்யூஎல் 200 என்பதை 127 ஆக வெட்டி எழுதிவிட்டு, ஓர் எச்சரிக்கையோடு நின்றுவிடும். எத்தனை பேர் எச்சரிக்கைகளைப் படிக்கிறார்கள்?

இதைவிட முதன்மையானது பொருட்காப்பு. கிரேட் அந்தமானிய மொழியில் உடற்பகுதிகளிலிருந்து பிறந்த ஏழு வகுப்புகள் இலக்கணம் முழுவதிலும் ஊடுருவி நிற்பதை அன்விதா அப்பி விளக்கியிருக்கிறார். அந்த வகுப்பைக் குறிக்கும் நெடுவரிசைக்குத் தேவை 1 முதல் 7 வரை மட்டுமே. ஒரு பைட்டு வகை 8ஐயும் தடுக்காது, 80ஐயும் தடுக்காது. ஸ்மால்இன்ட் மீது நிபந்தனையிட்ட டொமைன் ஒன்றை வரையறுத்தால் தவறான எண் வாசலிலேயே நின்றுவிடும். டொமைன் செந்தரத்தில் உள்ளது. நீட்சி எதுவும் வேண்டா. தரவு வகை என்பது எண்ணின் பருமனைச் சொல்வது. அதன் பொருளைச் சொல்ல வேண்டியவர் மொழியியலாளர். அந்தப் பொறுப்பைத் தட்டிக்கழிக்கவே பைட்டுக் கணக்கு உதவுகிறது.

போ மொழியைப் பேசிய கடைசி மனிதர் போவா சீனியர் 2010 ஜனவரியில் மறைந்தார். அவர் சொல்லிவைத்த வடிவம் ஒன்றுக்குத் தவறான வகுப்பெண் பதிந்துவிட்டால், திரும்பச் சென்று கேட்டுத் திருத்த ஆளில்லை. இத்தகைய தரவைத் தனிப்பட்ட நீட்சி ஒன்றின் தயவில் விடுவது எந்த வகைச் சிக்கனம்? எழுத்துக்கோப்பாகவும் ஏற்றுமதி செய்துவைப்போம் என்பது வழக்கமான மறுமொழி. நல்லது, அங்கே 7 எப்படியும் ஓர் எழுத்துத்தான், பாடுபட்டுச் சேர்த்த வகையோ காணாமற்போகிறது. தரவுத்தளக் காப்பையே நம்பினால், அந்த நீட்சி இல்லாத கணினியில் பத்தாண்டு கழித்து அதைத் திறக்கும் மாணவர் முன் தோன்றுவது, அப்படியொரு வகையே இல்லை என்ற பிழைச்செய்தி. அட்டவணை உருவாகாது, அதற்குரிய வரிசைகள் ஒன்றும் ஏறா.