லிச்சிக்காக வௌவாலைச் சுடலாமா?

பழைய மாணவர் குழுவில் நேற்று ஒரு தம்பி எழுதியிருந்தான்: "மொரிஷியஸ்ல லிச்சியைத் தின்னுற வௌவாலைச் சுட்டா என்ன தப்பு சார்? அதுதான் ஆயிரக்கணக்குல இருக்கே!"

அந்தக் கணக்கில்தான் தப்பு, தம்பி. அதே தீவில் இன்னொரு பழந்தின்னி வௌவால் இருந்தது. உருவம் சிறிது, கழுத்தில் செந்நிறம். அதனால் பிரெஞ்சுக்காரர்கள் 'ரூஜெத்' என்றார்கள். பழைய மரப்பொந்துகளில் கூட்டமாக அடையும். பக்கத்துத் தீவான ரெயூனியனில் அரை நூற்றாண்டு வாழ்ந்த லா நூ என்பவர் 1772இல் ஒரு கடிதம் எழுதினார். தான் வந்த புதிதில் குடியிருப்புப் பக்கமே சாதாரணமாகத் திரிந்த வௌவால்கள் அரிதாகிவிட்டன என்கிறார். காட்டை வெட்டினார்கள். கறிக்கும் கொழுப்புக்கும் வேட்டையாடினார்கள். பொந்தில் அடையும் பிராணியைப் பிடிக்கப் பெரிய சாமர்த்தியமா வேண்டும்? 19ஆம் நூற்றாண்டிலேயே ரூஜெத் பூண்டோடு போயிற்று. மிச்சம், அருங்காட்சியகங்களில் சில தோல்களும், மண்ணிலிருந்து எடுத்த எலும்புகளும்.

இவ்வளவும் தெரிந்தே 2015இல் மொரிஷியஸ் அரசு, தப்பிப் பிழைத்த பெரிய வௌவாலில் 30,000க்கும் மேல் கொன்றது. மறு ஆண்டும் சுட்டது. 2018இல் அந்த இனம் அழியும் ஆபத்திலுள்ளவற்றின் பட்டியலுக்குப் போனது.

தோட்டக்காரர் நஷ்டம் பொய்யென்று நான் சொல்லவில்லை. ஆனால் மரத்துக்கு வலை போட்டால் பழம் தப்புகிறதே! வலைக்கு மானியம் தந்ததும் அதே அரசுதான். அந்தத் தீவில் காட்டு விதைகளைச் சுமந்த பெரிய ஆமைகளும் எப்போதோ அழிந்தன. இனி அந்த வேலைக்கு யாரை வைப்பதாக உத்தேசம்?

தம்பி, பதிலைக் குழுவிலேயே எழுது.